எஃப்-350 எடுத்து பதினாலு மாசம்: இழுக்குற பலம் வேற, பாஸிங் வேற

2021 மாடல் ஃபோர்டு எஃப்-350 பிக்கப், செகண்ட் ஹேண்ட், 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டீசல், நாலு கதவு, ஃபோர் வீல் டிரைவ், பின்னாடி பக்கத்துக்கு ஒத்த டயர். நான் எடுத்தப்புறம் மட்டும் 23,000 மைல் ஓடியிருக்கு, அதுல பாதிக்கு மேல பின்னாடி டிரெய்லரோடதான். டல்லாஸுக்கு வடக்க மெக்கின்னி பக்கம் இருக்கோம். ஐடி வேலைய விட்டுட்டு நானும் ஒரு நண்பரும் சின்னதா மண் வேலை பண்றோம், நிலம் சுத்தம் பண்றது, குளம் வெட்டுறது, வீட்டுக்குப் பாதை போடுறது இப்படி. நம்ம ஆளுங்க நெறைய பேர் இந்தப் பக்கம் பத்து ஏக்கர் இருபது ஏக்கர்னு வாங்கிப் போடுறாங்க, வாங்கின மறு மாசமே "மெஷின் இழுக்க எந்த பிக்கப் எடுக்கலாம் பாஸ்"னு மெசேஜ் வரும். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி கை வலிக்குது, அதனால ஒரேடியா இங்க எழுதிடறேன்.

ஊர்ல இந்தப் பிரச்சனையே கிடையாது. ஜேசிபி அதுவா ரோட்ல ஓடி வரும், சின்ன மெஷின்னா ஐச்சர்ல ஏத்தி அனுப்பிடுவாங்க. இங்க பிக்கப்புக்குப் பின்னாடி டிரெய்லர், அதுமேல மெஷின், ஓட்டுறது நாமளே. அதனால கணக்கும் நாமதான் போடணும், தப்பா போட்டா மாட்டுறதும் நாமதான்.

மொதல்ல என்கிட்ட இருந்தது ஒரு ஹாஃப் டன் பிக்கப், அதாவது சாதா சைஸ். எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க, அந்த சைஸ்ல யார் வண்டி எடுத்தாலும் கிட்டத்தட்ட இதே கதைதான். விக்கறப்போ பதினோராயிரம் பவுண்டுக்கு மேல இழுக்கும்னு சொன்னாங்க, பிரோஷர்லயும் அப்படித்தான் போட்டிருந்துச்சு. ஒரு நாள் வாடகைக்கு மூன்றரை டன் மினி எக்ஸ்கவேட்டர் எடுத்தேன், அது 7,500 பவுண்டு, டிரெய்லர் 2,900, ஆக மொத்தம் 10,400. பதினோராயிரத்துக்குள்ளதானே, என்ன ஆயிடப் போகுதுன்னு கிளம்பிட்டேன். அப்போ அப்பா ஊர்ல இருந்து வந்து எங்ககூட ஆறு மாசம் இருந்தார், சும்மா வீட்ல உக்காந்திருக்காரேன்னு அவரையும் பக்கத்துல ஏத்திக்கிட்டேன். அவர் முப்பது வருஷம் சங்ககிரில லாரி ஓட்டுனவர்.

75-ம் நம்பர் ஹைவேல வடக்க போறோம், 60 மைல் வேகம், ஒரு பெரிய செமி லாரி எங்கள ஓவர்டேக் பண்ணான். அவன் காத்து அடிச்ச அடில டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிச்சுது பாருங்க, மொதல்ல லேசா, அப்புறம் லேன் விட்டு லேன் போற மாதிரி, ஸ்டியரிங் பஞ்சு மாதிரி இருக்கு, எந்தப் பக்கம் திருப்பினாலும் லேட்டாதான் கேக்குது. அந்த மாதிரி நேரத்துல டிரக் பிரேக்க அமுக்கக் கூடாது, டேஷ்ல இருக்கற டிரெய்லர் பிரேக் ஸ்லைடர மட்டும் மெதுவா அமுக்கணும், டிரெய்லர் பின்னாடி இழுத்துப் பிடிக்கும், தானா நேராயிடும். இதெல்லாம் படிச்சதுதான். அன்னிக்கு ஒண்ணும் ஞாபகம் வரல. ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுத்தேன், ஸ்டியரிங்க நேரா பிடிச்சேன், சாமி புண்ணியத்துல அடங்குச்சு.

அடுத்த எக்ஸிட்ல பெட்ரோல் பங்க்ல ஓரங்கட்டினேன். அப்பா அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசல. எறங்கி வண்டிய ஒரு சுத்து சுத்தி வந்தார், பின் பம்பர் கீழ உக்காந்திருக்கு, முன் மூக்கு தூக்கிட்டு நிக்குது.

"லைட்டு பூரா வானத்தப் பாக்குதுடா. முன்னாடி எடையே இல்ல, அப்புறம் ஸ்டியரிங் எப்புடி கேக்கும்? இதுக்கு பாஸிங் எவ்வளவு?"

"பதினோராயிரம் பவுண்டுங்கப்பா."

"அது இழுக்குறது. நான் கேட்டது பாஸிங்."

எனக்கு பதில் தெரியல. ரெண்டு வருஷம் ஓட்டுன வண்டிக்கு பாஸிங் தெரியாம இருந்திருக்கேன். லாரிக்காரங்க வீட்டுப் பையன் இத வெளிய சொல்லவே கூச்சமா இருக்கு.

டிரைவர் கதவத் தொறந்தா தூண்ல மஞ்சள் வெள்ளைல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், டயர் காத்து எவ்வளவுன்னு போட்டிருக்குமே அதேதான், அதுலயே ஆளும் சரக்கும் சேர்த்து இவ்வளவு பவுண்டுக்கு மேல போகக் கூடாதுன்னு ஒரு நம்பர் இருக்கும். அதுதான் பேலோடு, நம்ம பாஷைல பாஸிங். என் பழைய வண்டில அது 1,480. இப்ப கணக்கப் பாருங்க. டிரெய்லரோட எடைல பத்துல இருந்து பதினஞ்சு சதவீதம் ஹிட்ச் மேல, அதான் வண்டில டிரெய்லர மாட்டுற கொக்கி மேல, உக்காரணும், அப்பதான் அது ஆடாம வரும், இத டங் வெயிட்னு சொல்றாங்க. 10,400-க்கு பன்னெண்டு சதவீதம்னு வெச்சாலே 1,250. நானும் அப்பாவும் 335. டூல் பாக்ஸ், டீசல் கேன், ஹிட்ச் எல்லாம் ஒரு 200. கூட்டினா 1,785. இழுக்குற கணக்குல எனக்கு இன்னும் இடம் இருக்கு, பாஸிங் கணக்குல 300 பவுண்டு ஓவர்லோடு. வண்டிக்கு எஞ்சின் பலம் பத்தாம இல்ல, முதுகு பத்தல.

பிரோஷர்ல போடுற அந்த இழுக்குற நம்பர் பொய்னு சொல்ல வரல. அதுக்கு எஸ்ஏஇ ஜே2807னு ஒரு ஸ்டாண்டர்டே இருக்கு, டொயோட்டாதான் மொதல்ல 2011 மாடல்ல அத ஃபாலோ பண்ணாங்க, இப்ப எல்லாரும் பண்றாங்க. அரிசோனால டேவிஸ் டேம் ஏத்தம்னு 11 மைலுக்கு மேல நீளமான மலை ரோடு, ஏசிய ஃபுல்லா போட்டுக்கிட்டு அதுல லோடோட ஏறணும், ஒத்த டயர் வண்டி 40 மைல் வேகத்துக்குக் கீழ எறங்கக் கூடாது. நல்ல டெஸ்ட்தான். ஆனா அதுல வண்டிக்குள்ள ரெண்டே பேர், ஆளுக்கு 150 பவுண்டுன்னு கணக்கு. குடும்பம், கூலர், கடப்பாரை, ரெண்டு சாக்கு சிமெண்ட்லாம் அந்தக் கணக்குல கிடையாது. அதே மாடல்லயே ஒரு வண்டிக்கு ஒரு வண்டி பாஸிங் மாறும், சன்ரூஃப், பவர் சீட், ஃபோர் வீல் டிரைவ், டீசல் எஞ்சின் எல்லாத்தோட எடையும் பாஸிங்ல இருந்துதான் கழியும். வசதி ஏற ஏற முதுகு சுருங்கும். அதனால ஆன்லைன்ல பாத்து முடிவு பண்ணாதீங்க, டீலர் லாட்டுக்குப் போய் டெஸ்ட் டிரைவ் கேக்கறதுக்கு முன்னாடியே கதவத் தொறந்து ஸ்டிக்கர ஒரு போட்டோ எடுத்துடுங்க. விக்கறவர் ஒரு மாதிரி பாப்பார், பாக்கட்டும்.

சரி, அதுக்கு மேல சைஸான ஹெவி ட்யூட்டி பிக்கப்தான்னு முடிவு பண்ணியாச்சு. நாங்க வாங்கின மெஷின் குபோட்டா எஸ்விஎல்75, டயருக்குப் பதிலா ரப்பர் பட்டை டிராக் வெச்ச லோடர், சுமார் 9,000 பவுண்டு. டிரெய்லர் 14,000 பவுண்டு ரேட்டிங், ரெண்டு ஆக்சில், ஒவ்வொண்ணும் 7,000. அது காலியா 3,900. செயின், அத இறுக்குற பைண்டர், எக்ஸ்ட்ரா பக்கெட்னு சேந்தா மொத்தம் 13,200, நம்ம கணக்குல ஆறு டன். இதுக்கு எஃப்-250, ராம் 2500 மாதிரி முக்கால் டன் வண்டி போதாதான்னு கேப்பீங்க. இழுக்கும், சந்தேகமே இல்ல. ஆனா அந்த கிளாஸ் வண்டிங்கள்ல நெறைய 10,000 பவுண்டு ஜிவிடபிள்யூஆர்ல நிக்குது. ஜிவிடபிள்யூஆர்னா வண்டி, ஆளு, சரக்கு எல்லாம் சேர்த்து உச்சபட்ச எடை. டீசல் எஞ்சின் கனமானது, அத வெச்சு நாலு கதவு, ஃபோர் வீல் டிரைவ்னு போட்டா பாஸிங் ரொம்ப கம்மியாயிடும், 1,600 பவுண்டு டங் வெயிட் வெச்சப்புறம் ஆளு, டூல்ஸ் வெக்கவே யோசிக்கணும். என்னோட எஃப்-350-ல ஜிவிடபிள்யூஆர் 11,500, ஸ்டிக்கர்ல பேலோடு 3,750. பாத்தா ரெண்டும் ஒரே வண்டி மாதிரிதான் இருக்கும்.

அப்ப ஒரேடியா பின்னாடி ரெட்டை டயர் வண்டி, டூயலி, எடுத்துடலாமேன்னு நானும் நெனச்சேன். நண்பர் அதுலயே நின்னார், பாக்கவும் கெத்தா இருக்கும். இங்கதான் சட்டம் வருது, இந்த எடத்த நிதானமா படிங்க. டிரக் ஜிவிடபிள்யூஆரும் டிரெய்லர் ஜிவிடபிள்யூஆரும் கூட்டி 26,001 பவுண்டோ அதுக்கு மேலயோ வந்து, அதுல டிரெய்லர் மட்டும் 10,000-க்கு மேல இருந்தா, தொழிலுக்கு ஓட்ட கிளாஸ் ஏ சிடிஎல், அதாவது கமர்ஷியல் டிரைவர் லைசென்ஸ், வேணும். டூயலிங்க நெறைய 14,000 ஜிவிடபிள்யூஆர். அதோட என் 14,000 டிரெய்லர சேத்தா 28,000, போச்சு. என் ஒத்த டயர் வண்டில 11,500 கூட்டல் 14,000, மொத்தம் 25,500. சாதா லைசென்ஸ்லயே ஓட்டலாம். அந்த 500 பவுண்டு வித்தியாசத்துலதான் எங்க தொழிலே ஓடுது. ஒத்த டயர்லயும் சில வண்டி 12,000 தாண்டுது, 12,000-ன்னா கூட்டல் சரியா 26,000, தப்பிச்சீங்க, அதுக்கு மேல ஒரு பவுண்டு கூடினாலும் சிடிஎல்தான். டிரெய்லர் காலியாதானே போகுதுன்னு சொல்லித் தப்பிக்க முடியாது, அவங்க பாக்கறது தகட்டுல அடிச்சிருக்கற ரேட்டிங்க. ரேட்டிங்குக்குள்ள இருந்தும் நெஜ எடை 26,001 ஆயிட்டா அதுவும் கணக்குதான், எது அதிகமோ அது.

தொழில் இல்ல, சொந்த நிலத்துக்கு சொந்த டிராக்டர இழுக்கறேன்னா டெக்சாஸ்ல சிடிஎல் இல்லாத கிளாஸ் ஏன்னு ஒண்ணு தர்றாங்க. அது வேற கதை.

லைசென்ஸ் முடிஞ்சா எல்லாம் முடிஞ்சதுன்னு நெனச்சுடாதீங்க. எங்களுக்கு வேலை சில சமயம் ரெட் ரிவர் தாண்டி ஓக்லஹோமால வரும். தொழிலுக்கு ஸ்டேட் பார்டர் தாண்டினா 10,001 பவுண்டுலயே கணக்கு ஆரம்பிச்சுடும், யுஎஸ் டாட், அதாவது போக்குவரத்துத் துறை, நம்பர் எடுத்து கதவுல பேரோட எழுதணும், டிரைவர் மெடிக்கல் கார்டு வெச்சிருக்கணும். இது 26,000 கணக்குல சேராது, தனி. ஸ்டேட்டுக்குள்ளயே ஓட்டினா விதி ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும், உங்க ஊர்ல கேட்டுக்கோங்க. இன்ஷூரன்ஸும் அப்படித்தான், வீட்டுக் கார் பாலிசில தொழில் வண்டி ஓட்டி ஏதாவது ஆச்சுன்னா அவங்க கைய விரிக்க நல்ல சான்ஸ் இருக்கு, கமர்ஷியல் பாலிசி எடுத்துடுங்க. ப்ரீமியம் பாத்து எனக்கு நெஞ்சு அடைச்சுது, ஆனாலும் எடுத்தேன்.

இப்ப வண்டிக்கு வர்றேன். 475 குதிரைசக்தி, 1,050 பவுண்டு-ஃபுட் டார்க், பத்து ஸ்பீடு கியர். ஆறு டன் பின்னாடி இருக்குன்னு ஏறும்போது தெரியாது, அது எல்லாரும் சொல்றதுதான். எனக்குப் பிடிச்சது எறங்கும்போதுதான். ஓக்லஹோமால ஆர்ட்மோர் தாண்டி 35-ம் நம்பர் ஹைவேல ஆர்பக்கிள் மலை வரும், அது தாண்டினா ஒரு ஊர் பேரு டேவிஸ், அரிசோனா ஏத்தத்துக்கும் டேவிஸ் இதுக்கும் டேவிஸ், டேவிஸ்னு பேர் வெச்சாலே மேடு வந்துடும் போல. அதுல எறக்கத்துல டோ ஹால் மோடும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் போட்டுட்டா எஞ்சினே இழுத்துப் பிடிக்குது, பிரேக் பெடல்ல கால் வெக்கற வேலையே அதிகமா இல்ல. அப்பா கூட வந்த அன்னிக்கு எறக்கம் முழுக்க அவரு வலது கால் தரைய அமுக்கிக்கிட்டே இருந்துச்சு, அவர் இல்லாத பிரேக்க மிதிச்சுக்கிட்டு வந்தார். கீழ வந்தப்புறம்தான் "பரவால்லடா, புடிக்குது"ன்னார். அவர்கிட்ட இருந்து வர்ற அஞ்சு ஸ்டார் இதுதான்.

டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலர் வண்டிலயே வருது, தனியா மாட்டத் தேவையில்ல. ஒவ்வொரு தடவை லோடு மாறினாலும் கெய்ன்ன, அதாவது டிரெய்லர் பிரேக் எவ்வளவு பலமா பிடிக்கணும்ங்கறத, செட் பண்ணிக்கங்க, காலி ரோட்ல 20, 25 மைல்ல போய் ஸ்லைடர மட்டும் முழுசா அமுக்குங்க, டயர் வழுக்காம நல்லா இழுத்துப் பிடிக்கற அளவுல விட்டுடுங்க. டெக்சாஸ்ல 4,500 பவுண்டு தாண்டின டிரெய்லருக்கு பிரேக் கட்டாயம், ரொம்ப மெதுவா ஓடுறதுக்குத்தான் விலக்கு. அப்புறம் பிரேக்அவே, அந்தச் சின்ன கேபிள். டிரெய்லர் கழண்டு ஓடினா பின் பிடுங்கிக்கும், டிரெய்லர்ல இருக்கற பேட்டரி பிரேக்க அமுக்கிடும், குறைஞ்சது 15 நிமிஷம் பிடிக்கணும்னு விதி. அந்த பேட்டரி செத்துக் கிடக்குதான்னு பாக்காமலே வருஷக்கணக்கா ஓட்டுறவங்கள எனக்குத் தெரியும்.

கேஸ் எஞ்சினா, அதான் நம்ம பெட்ரோல் எஞ்சினா, டீசலான்னு கேக்கறவங்களுக்கு என் கருத்து, வாரத்துக்கு ஒரு தடவைதான் இழுப்பேன், அதுவும் டல்லாஸ் சுத்தி சமவெளிலன்னா 7.3 லிட்டர் கேஸ் எஞ்சினே தாராளம். 430 குதிரைசக்தி இருக்கு, எஞ்சின் எடை கம்மி, அதனால அதே வண்டில பாஸிங் கூடும், விலையும் பல ஆயிரம் டாலர் மிச்சம். டீசல்ல புகையச் சுத்தம் பண்ற டெஃப்னு ஒரு திரவம் தனியா ஊத்தணும், ஆயில் மாத்த நெறைய ஆகும், கடைக்குப் போய் பால் வாங்க மட்டும் எடுத்தீங்கன்னா எஞ்சின் சூடே ஆகாது, புகை ஃபில்டர் அடைச்சுக்கிட்டு ரீஜென் ரீஜென்னு, அதாவது கரிய எரிச்சுச் சுத்தம் பண்ணுன்னு, கேக்கும், எந்தக் கம்பெனி டீசலுக்கும் இதே குணம்தான். நான் வாரத்துல நாலு நாள் இழுக்கறேன், மலையும் வருது, அதனால எனக்கு டீசல் சரி. ராம் 3500 கம்மின்ஸும் செவி 3500 டூராமேக்ஸும் ஓட்டிப் பாத்தேன், மூணுமே இழுக்கும், அதுல எந்தச் சண்டையும் வேணாம். எனக்கு இந்த வண்டிதான் நல்ல விலைல, சரியான ஸ்டிக்கரோட கெடச்சது, அவ்வளவுதான் காரணம்.

மொத தடவை லோடு ஏத்தின அன்னிக்கு வேலைக்குப் போகல, நேரா டிரக் ஸ்டாப்ல கேட் ஸ்கேலுக்குத்தான் போனோம், அப்பா பிடிவாதம். ஊர் வே பிரிட்ஜ்ல மொத்தமா ஒரு எடைதான் வரும், இதுல தனித்தனியா மூணு தட்டு, முன் ஆக்சில் ஒண்ணுல, பின் ஆக்சில் ஒண்ணுல, டிரெய்லர் ஒண்ணுல. ஸ்லிப் வந்துச்சு, முன்னாடி 4,220, பின்னாடி 5,680, டிரெய்லர் ஆக்சில் 11,600, மொத்தம் 21,500. அப்புறம் டிரெய்லர ஓரமா கழட்டி விட்டுட்டு டிரக்க மட்டும் போட்டோம், 8,300. லோடோட டிரக் 9,900 இருந்துச்சே, கழிச்சா டங் வெயிட் 1,600, பன்னெண்டு சதவீதம். அப்பா ஸ்லிப்ப வாங்கி கண்ணுகிட்ட வெச்சு ரெண்டு தடவை கூட்டிப் பாத்தார். பவுண்டெல்லாம் அவருக்கு வேணாம், ஃபோன்ல கிலோவாக்கிக் குடுக்கச் சொன்னார்.

அன்னிக்கு இன்னொண்ணும் பண்ணார். மெஷின் எந்த எடத்துல நின்னப்போ இந்த எடை வந்துச்சோ, அந்த எடத்துல டிராக்கோட முன் முனைக்கு நேரா டிரெய்லர் பலகைல மஞ்சள் பெயிண்ட்ல ஒரு கோடு போட்டார். மெஷின அரை அடி முன்னாடி நகத்தினா எங்க டிரெய்லர்ல டங் வெயிட் கிட்டத்தட்ட 280 பவுண்டு ஏறிடும், பின்னாடி போனா அதே அளவு கொறையும், கொறைஞ்சா வாலாட்டும். இப்ப யார் ஏத்தினாலும் கோட்டுல நிப்பாட்டினா போதும், எடை போட வேணாம். பக்கெட் மாத்தி பிரஷ் கட்டர் மாட்டினா கோடு வேற, அதுக்கு செவப்பு.

கட்டுறதுக்கு நாலு மூலைலயும் 3/8 இஞ்ச் கிரேடு 70 செயின், ஒண்ணு 6,600 பவுண்டு தாங்கும், ராட்செட் பைண்டர். கடைல 5/16 செயின் விலை கம்மின்னு எடுத்துடாதீங்க, அது 4,700தான். 10,000 பவுண்டோ அதுக்கு மேலயோ மெஷின் இருந்தா கொறைஞ்சது நாலு கட்டு, ஒவ்வொண்ணும் 5,000 தாங்கணும்னு ஃபெடரல் விதி, அங்க 5/16 ஃபெயில் ஆயிடும். எங்க மெஷின் அதுக்குக் கீழதான், ஆனா நாளைக்கு பெருசு எடுத்தா செயின் மறுபடி வாங்க வேணாம் பாருங்க. பக்கெட்ட முழுசா கீழ எறக்கி அதையும் ஒரு கட்டு கட்டிடுங்க. அஞ்சு பத்து மைல் போனதும் நிறுத்தி பைண்டர ஒரு தடவை தட்டிப் பாருங்க, டிராக் மண்ணு உதிர்ந்து கட்டு லூஸ் ஆகியிருக்கும்.

குறைன்னா, வண்டி நீளம். வீட்டு கராஜுக்குள்ள போகாது, டிரைவ்வேல நிறுத்தினா எச்ஓஏ, அதான் வீட்டுக்காரங்க சங்கம், லெட்டர் போடுது. இந்தியன் கடை பார்க்கிங்ல யூ டர்ன் அடிக்க ஒரு நல்ல நேரம் பாக்கணும், எங்க வீட்டம்மா அதுல ஏற மாட்டேன்னு சொல்லிட்டாங்க, புடவை கட்டிக்கிட்டு அந்த உசரத்துக்கு ஏற முடியாதாம், நியாயம்தான்.

அப்பா ஊருக்குப் போய் பல மாசம் ஆச்சு. புது மெஷின் எதாவது ஏத்தினா கேட் ஸ்கேல் ஸ்லிப்ப வாட்ஸப்ல போட்டோ எடுத்து அனுப்புவேன். நல்லாருக்கு, சரியில்லன்னு எதுவும் வராது. "டயர் காத்து?"ன்னு மட்டும் வரும். டிரெய்லர் டயர் நாலும் லோடு ரேஞ்ச் ஈ, எம்பது பவுண்டு காத்துல ஒண்ணு 3,520 தாங்கும், காத்து கொறைஞ்சா அந்தக் கணக்கும் சேந்து கொறையும், இதுல பல டயர் 65 மைல் வேகத்துக்குத்தான் போட்டிருப்பாங்க. அவருக்கு அத விளக்க வேணாம். எம்பதுன்னு அனுப்பிட்டு கிளம்பிடுவேன்.